எடைமேடைக் கேபினில் ஒரு மீடியா கன்வெர்ட்டர்

1. புகார்

விஜயதசமிக்கு மறுநாள் காலை நான் எங்கள் நெட்வொர்க் சர்வீஸ் கம்பெனியின் விழுப்புரம் அலுவலகத்துக்குள் நுழையும்போதே மேனேஜர் புது மீடியா கன்வெர்ட்டர் ஜோடி ஒன்றை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்.

"திண்டிவனம் மல்லாட்டை மில்லுல பழசு பூட்ச்சாம். மாத்திட்டு, கையெழுத்து வாங்கிக்கினு வந்துடு. அங்க உக்காந்து ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காத."

அந்தக் கடலை எண்ணெய் மில்லின் அமைப்பு இது. கேட்டில் லாரி எடைமேடை, அதையொட்டி ஒரு சின்ன கேபின். ஆபீஸ் உள்ளே வெகுதூரம் தள்ளி. காப்பர் கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது என்பதால் நடுவில் வெளிச்சத்தில் தகவல் கொண்டுபோகும் ஃபைபர் போட்டு, காப்பரில் வரும் சிக்னலை ஃபைபருக்கு மாற்ற இரு முனையிலும் ஒரு கன்வெர்ட்டர் வைத்திருந்தார்கள். எடை போடுவது கேபினில். பதிவாவது ஆபீஸ் கம்ப்யூட்டரில்.

முதலாளி கேட்டிலேயே நின்றிருந்தார். முந்தைய நாள் சில லாரிகள் எடை போட்டு, சரக்கைக் கொட்டிவிட்டுப் போய்விட்டன. ஆபீஸில் ஓர் எடைகூடப் பதிவாகவில்லை. கொட்டிய கடலை குவியலோடு கலந்துவிட்டது. மறுபடி எடை போட வழியில்லை. லாரிக்காரர்கள் வாயால் சொன்ன எடையும், கேபினில் இருந்த தனலட்சுமி சொன்ன எடையும்தான் மிச்சம்.

"லைட்டு எரியுது, கம்ப்யூட்டர்ல கனெக்டட்னு காட்டுது, எனக்கு மட்டும் ஒண்ணும் வர்ல. யாரோ ஒயர புடுங்கிட்டு, லோடு உள்ள போனதும் சொருகி வச்சிருக்காங்க. இல்லன்னா இந்தப் பொட்டி செத்துருக்கணும். செத்துச்சுன்னா என் கண்ணெதிர்ல மாட்டிக் காட்டும்மா. சும்மா வாய்ல சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

தனலட்சுமி சுவரோரம் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். களத்தில் கடலை காயவைக்கும் வேலைக்கு வந்தவர். யாரும் சொல்லித்தராமல், பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டர் பழகி அந்த நாற்காலிக்கு வந்தவர் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எடைமேடையில் நின்ற லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா எக்கா, நேத்து எங்க லோட காத்துல எட போட்டுட்டியா?"

தனலட்சுமி கேபினுக்குள் போய்விட்டார்.

2. விளக்குகள்

நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் பார்ப்பேன். முதலில் பவர் விளக்கு; எரிந்தது. அடுத்து காப்பர் பக்க விளக்கு, எரிந்தது. மூன்றாவது ஃபைபர் பக்க விளக்கு; அது அணைந்திருந்தது. இரண்டு பச்சை விளக்குகளைப் பார்த்தவர்கள் மூன்றாவதைப் பார்க்கவில்லை.

நான்காவதாக ஃபைபர் கனெக்டரைக் கழற்றி, முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் போகும் வழி தலைமுடியைவிட மெல்லியது. அதன்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. கன்வெர்ட்டரின் துளைக்குள்ளும் அதேதான். முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

முதலாளி ஆபீஸுக்குப் போயிருந்தார். கேபினில் நாங்கள் இருவர் மட்டும்.

"அக்கா, ஆயுத பூஜைக்கு இதைக் கழட்டினீங்களா?"

தனலட்சுமி வாசலைப் பார்த்துவிட்டுப் பேசினார். "துடைக்கத்தான் மேடம். மானிட்டரு, கீபோர்டு எல்லாத்தையும் துடைச்சேன். இது ஒண்ண மட்டும் அழுக்கா எப்பிடி சாமிக்கு வைக்கறது? பொட்டு வச்ச கையோட சொருகினேன். லைட்டு வந்துச்சி. சரியாயிடுச்சின்னு நெனச்சிக்கினு எட போட்டேன்."

"முதலாளி கேட்டப்போ?"

"தொடவே இல்லன்னுட்டேன். அவரு கத்தின கத்துல வேற ஒண்ணும் வாய்ல வர்ல. பொட்டையும் துடைச்சிட்டேன்."

என் மனத்தில் ஒவ்வொன்றாக வந்தது. பழைய கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று சொன்னால், அதை முதலாளி முன்னால் மாட்டிக் காட்டவேண்டும். துடைத்து மாட்டினால் அது வேலை செய்யும். தூசு என்று சொன்னால், கழற்றாமல் உள்ளே தூசு எப்படிப் போகும் என்று கேட்பார். எதுவுமே சொல்லாவிட்டால், லாரிக்காரர்களோடு சேர்ந்து ஏமாற்றினார் என்ற பேர் தனலட்சுமிக்கு நிலைத்துவிடும். மூன்றையும் அவரிடமே சொன்னேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "திருடின்னு சொல்றதுக்கு, பொய்க்காரின்னே சொல்லட்டும். நானே போய்ச் சொல்லிக்கிறேன் மேடம். நீங்க கூட மட்டும் வாங்க."

3. ஆபீஸில்

சொன்னார். எதையும் விடவில்லை. கனெக்டரை லென்ஸில் முதலாளிக்குக் காட்டினேன். கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் உள்ள சின்ன ஸ்விட்சையும் காட்டினேன். அதை ஆன் செய்திருந்தால், ஃபைபர் துண்டானதும் காப்பர் விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். கம்ப்யூட்டரும் இணைப்பு இல்லை என்று காட்டிவிடும். முன்பு மாட்டியவர்கள் அதைத் தொடவே இல்லை.

"சார், இது ஆன்ல இருந்திருந்தா அக்கா எடையே போட்டிருக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல."

"நீ மிஷின பாரும்மா." பிறகு அவர் தனலட்சுமியிடம் திரும்பினார். "திருடல, ஒத்துக்கறேன். நீ சொன்ன எடையே போட்டு லாரிக்காரனுங்களுக்குத் தந்துடறேன். ஆனா என் மூஞ்சிக்கு நேரா தொடலன்னு சொன்ன இல்ல? அந்த நாற்காலில அப்பிடிப்பட்ட ஆள வச்சிக்க முடியாது. நாளைலேர்ந்து களத்துக்குப் போ."

"சரிங்க" என்றார் தனலட்சுமி.

4. மாட்டியது

மேனேஜர் சொன்னபடி புது ஜோடியை மாட்டினேன். கனெக்டர்களை ஆல்கஹால் துணியால் சுத்தம் செய்தேன். தூசு மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் எடுத்தேன். ஒரு முனையின் டிரான்ஸ்மிட் மறுமுனையின் ரிசீவுக்குப் போகிறதா என்று பார்த்தேன். இரண்டு பெட்டிகளிலும் அந்த ஸ்விட்சை ஆன் செய்தேன். ஆபீஸ் முனையில் ஃபைபரைப் பிடுங்கச் சொன்னதும் கேபினில் காப்பர் விளக்கும் அணைந்தது. இதுதான் சரியான சோதனை. இந்த வேலை செய்யும் நீங்களும் இதைச் செய்யாமல் எந்த சைட்டையும் விட்டு வராதீர்கள்.

கடைசியாக ஒரு காலி டிராக்டரை ஏற்றி எடை போட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. தனலட்சுமிதான் நாற்காலியில் உட்கார்ந்து போட்டார். எடை வந்துவிட்டதாக ஆபீஸிலிருந்து போன் வந்தது. எழுந்து, டிபன் தூக்கையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார்.

5. அதன் பிறகு

பராமரிப்புக்காக அந்த மில்லுக்கு மறுபடி போனபோது கேபினில் ஓர் இளைஞர் இருந்தார். தனலட்சுமி களத்தில், முகத்தை முந்தானையால் சுற்றிக்கொண்டு, வெயிலில் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் நின்றேன்.

"அந்த மூணாவது லைட்டு இப்ப எரியுதா மேடம்?"

"எரியுதுக்கா."

"அந்தப் பையனுக்கு அதப் பாக்கச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப சரி" என்று கிளறப் போய்விட்டார்.

இப்போது எந்த சைட்டுக்குப் போனாலும் கன்வெர்ட்டரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன், இந்த அறையைத் துடைப்பவர் யார் என்று கேட்கிறேன். அவரைக் கூப்பிட்டு ஃபைபர் முனையைக் காட்டுகிறேன், மூன்று விளக்குகளையும் காட்டுகிறேன். பொட்டு வைக்க வேண்டுமானால் பெட்டியின் மேல்தட்டில் வைக்கச் சொல்கிறேன். தவறிக் கழற்றிவிட்டால் முதலில் எனக்குப் போன் செய்யச் சொல்லி நம்பரைத் தருகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த மில்லில் முதன்முதலில் கன்வெர்ட்டர் மாட்டிய நாளில் தனலட்சுமியை யாரும் கூப்பிட்டுக் காட்டவில்லை.