ஜபருல்லா பாய் போட்ட கணக்கு

வெள்ளிக்கிழமை காலை கடைப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது ஜபருல்லா பாயின் மகன் போனில் கூப்பிட்டான். “மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க” என்றான். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்து இறந்துவிட்டாராம். முந்தின நாள் சாயங்காலம்தான், “காலையில வரேன், அந்த மோட்டாரைத் தொடாத ராமு” என்று சொல்லிவிட்டுப் போனார். தொடவில்லை பாய். அது அப்படியேதான் கிடக்கிறது.

பெரம்பலூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய மோட்டார் காயில் கட்டும் கடை உங்களுக்கெல்லாம் தெரியும். இரங்கல் கூட்டத்தில் படிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னார் சங்கச் செயலாளர். நாலு வரியில் அடங்காது. பொறுமையாகக் கேளுங்கள்.

எந்தப் பொருளிலும் வோல்ட், வாட் எழுதி ஒட்டியிருக்கும் தகட்டை பாய் நம்ப மாட்டார். “தகடு கம்பெனியில எழுதுனது. நம்ம ஊரு கரண்டு அதைப் படிச்சிட்டா வருது?” என்பார். போன இடத்தில் ஒருவர் வோல்ட் மீட்டரையும் இன்னொருவர் ஆம்பியர் மீட்டரையும் பார்த்து, ஒரே நேரத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசிவரை அதுதான் எங்கள் வழக்கம். ஒருமுறை பூலாம்பாடியில் நான் வோல்ட்டைக் குறித்துவிட்டு டீ குடிக்கப் போய், வந்து ஆம்பியரைக் குறித்தேன். அதற்குள் கரண்டு ஏறி இறங்கிவிட்டதால் விடை தாறுமாறாக வந்தது. “டீக்கு முன்னாடி வோல்ட்டு, டீக்குப் பின்னாடி ஆம்பியரா? ரெண்டு வூட்டுக் கொழம்பை ஒண்ணா ஊத்துன மாதிரில்ல இருக்கு!” என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க இப்போது என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

இடது உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போடுவார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வாட். “வகுத்தா பொருளோட குணம் தெரியும். பெருக்குனா அது செய்யிற வேலை தெரியும். ஒண்ணை மட்டும் பாத்துட்டு எந்திரிக்காத” என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! நான் அவசரக்காரன். முதல் விடை சரியாக வந்தாலே திருப்புளியைப் பைக்குள் போட்டுவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில் விக்கிரமங்கலத்தில் பூங்கொடி அம்மா கோழிக்குஞ்சு வளர்க்கக் கொட்டகை போட்டார். ஒரு நாள் குஞ்சுகள். சூடு இல்லாவிட்டால் தாங்காது. இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஒன்றை மாட்டினோம். ஊரின் கடைசிக் கம்பத்திலிருந்து வரும் லைன் அது. இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் பாய் நூற்றறுபது வோல்ட் என்றார். நான் ஆறு ஆம்பியர் என்றேன். வகுத்தால் இருபத்தாறு ஓம் சொச்சம். அந்த ஹீட்டருக்கு இருக்க வேண்டிய தடை அதுதான். “ஹீட்டர்ல ஒரு குறையும் இல்ல பாய், கிளம்பலாம்” என்றேன். அவர் பெருக்கிவிட்டு உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். தொள்ளாயிரத்து அறுபது.

“ராமு, ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிச் சூடுகூட வரல. இன்னொன்னு மாட்டணும்டா. குஞ்சுங்க செத்துரும்.”

“இருட்டுனா வோல்டேஜ் ஏறிடும் பாய். பஸ்ஸை வுட்டுட்டா அப்பறம் ஒரு மணி நேரம் நிக்கணும்” என்றேன். கொட்டகைக்கு வெளியே நின்ற பூங்கொடி அம்மாவிடம், “ஒண்ணும் பயமில்லைங்க” என்றும் சொன்னேன். பஸ்ஸில் ஏறும்வரை பாய் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

விடிந்தபோது குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செத்துக் கிடந்தனவாம். மத்தியானம் பூங்கொடி அம்மா கடை வாசலில் வந்து நின்று அழுதார். தெருவே கூடிவிட்டது. “யாருங்க கணக்குப் பாத்தது?” என்று கேட்டார். நான் பாயைக் கை காட்டினேன். “பாய்தாங்க பாத்தாரு” என்றேன். இந்த வாய் சொன்னது. அன்று தெருவில் நின்றவர்களில் பலர் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், “ஆமாம்மா, என் கணக்கு தப்பாயிடுச்சு. மன்னிச்சுக்கங்க” என்றார். கூட்டம் கலைந்ததும் நான் பேச வாயெடுத்தேன். “வுடு ராமு. ரெண்டு பேரு பேரும் கெட்டுச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தார்.

அதன்பிறகு விக்கிரமங்கலம் பக்கத்தில் அவரை யாரும் கூப்பிடவில்லை. “பாய் வேணாம், நீங்க வாங்க” என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் போய் வந்தேன். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். தப்பு என்னுடையது என்று அவரிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன், பாவி.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் பூங்கொடி அம்மாவும் வந்திருந்தார். “நல்ல மனுசங்க. என் குஞ்சுங்க விசயத்துலதான் கொஞ்சம் அசந்துட்டாரு” என்று என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பாயின் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பாயின் உடலைத் தூக்கியபோது தோள் கொடுத்தேன். குழியில் மூன்று கைப்பிடி மண்ணும் போட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்று விக்கிரமங்கலம் போய்ப் பூங்கொடி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். ஜபருல்லா பாயின் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. அவருடைய நல்ல பேரை அவர் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். மூன்று வருஷமாக அவர் சுமந்த கெட்ட பேரை நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.