கூரை விளிம்பில் திணித்த சட்டைகள்

ஆவி என்பது அஞ்சியவன் கட்டிய கதை என்று மேடைதோறும் முழங்கியவன் நான். இதைக் கேட்டு நீங்கள் நகைத்தால் குறை சொல்லமாட்டேன். உங்கள் இடத்தில் நானும் நகைத்திருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அகதிகளாய் வந்து சேர்ந்த ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டை நானும் குகனும் இன்னும் மூவரும் பகிர்ந்திருந்தோம். பட்டிமன்றங்களில் குகன் எப்போதும் என் அணி. என் பெட்டியைக் கூரைக்கடியில் இருந்த லொஃப்டில் ஏற்றிவைத்தவனும் அவன்தான். அதில் ஊரில் சுட்டுக்கொல்லப்பட்ட என் அண்ணனின் மூன்று சட்டைகளும் அவரது மரணச் சான்றிதழும் இருந்தன. என் அகதி விண்ணப்பத்துக்கு அந்தத் தாள் ஒன்றே சாட்சி.

ஜனவரியில் ஒரு நண்பகல், வழக்கறிஞர் கேட்டாரென்று அதை எடுக்க ஏறினேன். கூரைப் பலகைகளில் கறுப்பாய்ப் பூஞ்சணம். ஆணி முனைகளில் உறைந்த பனி உருகிச் சொட்டியது. கூரை திருத்த வந்தவர் முன்பே எச்சரித்திருந்தார்: ஐந்து பேர் முறைவைத்துச் சோறு வடிக்கும் வீடு, ஆவி மேலேதான் ஏறும், கூரை விளிம்பின் இடைவெளிகளை அடைத்துவிடாதீர்கள், ஈரம் வெளியேற வேறு வழியில்லை என்று. அதற்குத் தலையாட்டியவன் குகன். அந்த இடைவெளிகளில் அண்ணனின் சட்டைகள் திணிக்கப்பட்டிருந்தன. இரண்டு.

மூன்றாவது, நனைந்து ஊறிய பெட்டிக்குள், பொத்தான்கள் பூட்டியபடி கிடந்தது. அதற்குள் சான்றிதழ், தாளில் ஒரு துளி ஈரமில்லை. நம்புங்கள், நம்பாது போங்கள்: சட்டை இளஞ்சூடாக இருந்தது.

கீழே வந்து குகனிடம் கேட்டேன்.

"குளிர் தாங்க ஏலாமல் அடைச்சனான், மச்சான்."

"அண்ணையின்ரை சேட்டாலையோ?"

"நீதானே மேடையில சொன்னனீ, செத்தவனுக்கு உடுப்பு என்னத்துக்கெண்டு."

நான் கைதட்டல் வாங்கிய வரி அது.

மூன்றாவது சட்டையை ஏன் விட்டுவைத்தாய் என்று மட்டும் கேட்டேன். அவன் முகம் வெளுத்தது.

"மூண்டையும்தான் அடைச்சனான். பேப்பர் வெறும் பெட்டிக்குள்ளதான் கிடந்தது."

ஒருமுறை துரோகம் செய்தவன் மறுமுறை பொய்யும் சொல்வான் என்று எனக்கு நானே வாதிட்டுப் பார்த்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, குகனோடு பிறகு நான் மேடையேறவில்லை.

ஆயினும் அந்த வாதம் ஓரிடத்தில் இன்றும் தடுக்கி விழுகிறது. மூச்சு வெண்புகையாகும் அந்தக் குளிரில், சட்டையை நான் கையிலெடுத்தபோது, கழுத்துப்பட்டியும் அக்குள்களும் மட்டும் நனைந்திருந்தன. கூரை நீர்தான் என்று எண்ணி, விரலால் தொட்டு நாவில் வைத்தேன்.

உப்புக் கரித்தது.