அம்சவேணியும் குரங்குக் குல்லா போட்டவரும்

ஊட்டிக்குப் பக்கத்தில், பைக்காரா படகுத்துறையில் பதினாறு வருடமாக மைக்கில் அறிவிப்பு செய்கிறவள் என் மனைவி அம்சவேணி. பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கிழிக்கிறவன் நான், தரணிதரன். நான் நாள் முழுக்கக் கத்துகிறேன், எதிரில் நிற்பவருக்கே காது கேட்பதில்லை. அவள் சாதாரணமாகப் பேசுகிறாள், ஏரியின் அக்கரை வரைக்கும் போய்ச் சேருகிறது. இதில் எனக்குப் பொறாமை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எந்த நம்பர் டோக்கன் வரிசைக்கு வர வேண்டும், எந்தப் படகு கரைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வதுதான் அவள் வேலை. அதோடு, தொலைந்துபோனவர்களைத் தேடிக் கொடுப்பதும் அவளிடமே வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் கிடைக்காமல் போனது ஒருவர்கூட இல்லை. போன டிசம்பரில் ஒரு பெரியவர் கிடைக்காமலே போய்விடுவாரோ என்று பயந்துவிட்டோம். அதைச் சொல்ல வேண்டுமானால் அம்சவேணி படித்த படிப்பையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவள் பிறந்து வளர்ந்தது இதே நீலகிரியில், குந்தாவில். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. சூலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், கடைசிவரை குளிரைத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடைதான். ஆடி மாதத்து மூடுபனியில் முன்னால் போகிறவளின் முதுகு தெரியாதாம். அதனால் பிள்ளைகள் ஒருத்தி பேரை ஒருத்தி சொல்லிக்கொண்டே நடப்பார்கள். யாராவது பதில் சொல்லாவிட்டால் எல்லோரும் நின்றுவிட வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டம். வெள்ளையாக ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து தன் பேர் மட்டும் மிதந்து வரும் என்று அவள் சொல்லும்போது, அந்தக் குரல்கள் எனக்கும் கேட்பதுபோல இருக்கும். பனி விலகியதும் பேர் சொன்னவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பாளாம்.

கல்யாணத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பை, முப்பத்தைந்து வயதில் தபால் வழியாக மறுபடி தொடங்கினாள். பி.ஏ. ஆங்கிலம் முடித்து எம்.ஏ. சேர்ந்தாள். ஊட்டி பிங்கர்போஸ்டில் பஸ் ஏறினால் பைக்காரா வந்து சேரும்வரை மடியில் புத்தகம்தான். எல்லாப் பேப்பரும் தேறியவளை செமான்டிக்ஸ் என்கிற சொற்பொருள் பாடம் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவை தேறிவிட்டாள். அது இந்த விஷயம் நடந்ததற்கு அப்புறம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறேன் நான். உண்டு என்கிறாள் அவள்.

அது என்ன பாடம் என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டு மாட்டிக்கொண்டேன்.

"ஒன்னுமே இல்லீங்க. ஒரு ஆளையோ பொருளையோ சுட்டிக்காட்டற சொல்லு ஒன்னு. அது ரெஃபரிங் எக்ஸ்பிரஷன். அவரைப் பத்தி என்ன சொல்றமோ அது பிரெடிகேட். இப்ப 'தரணிதரன் கோவக்காரர்'னு சொன்னா, தரணிதரன் உங்களைச் சுட்டுது. கோவக்காரர்ங்கறது பிரெடிகேட்."

"சரி. 'அந்தக் கோவக்காரர் வந்துட்டாரு'ன்னா?"

"இப்ப அந்தக் கோவக்காரர்ங்கறதே உங்களைத்தான் சுட்டுது."

"எப்படிப் பார்த்தாலும் திட்டு எனக்குத்தானா?"

முன் சீட்டில் இருந்தவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பாடம் நடத்தும்போது சிரிக்க மாட்டாள். "'ஒரு படகு கரைக்கு வருது'ன்னு சொன்னா, தண்ணில நிசமாவே ஒரு படகு இருக்குதுங்க. 'ஒரு படகுகூடக் காலி இல்லை'ன்னா, அந்த 'ஒரு படகு' எந்தப் படகு? எதுவுமே இல்லீங்க. சொல்லு அதேதான், ஆனா அந்தப் பக்கம் ஆளில்லை." இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பாதி புரிந்தது. மீதி, காதுக்கு நன்றாக இருந்தது.

பரீட்சைக்குப் பழகுவதற்காக, தொலைந்தவர்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் காகிதத்திலேயே கோடு போடுவாள். ஆளைப் பிடித்து நிறுத்துகிற சொல்லுக்கு அடியில் நேர்கோடு, மற்றதற்கெல்லாம் நெளிகோடு. வேலை நேரத்தில் என்ன படிப்பு என்று நான் எரிந்து விழுந்ததும் உண்டு. அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்றைக்கு விடுமுறைக் கூட்டம். நாலு மணி இருக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கையில் இரண்டு டீ கப்போடு அம்சவேணியின் ஜன்னலுக்கு வந்து நின்றார். டீ தளும்பி விரலெல்லாம் நனைந்திருந்தது.

"அவரைக் காணமுங்க."

"யாருங்கம்மா?"

"எங்க ஊட்டுக்காரருங்க. பெஞ்சில உக்காத்தி வெச்சுட்டு டீ வாங்கறக்குப் போனனுங்க. வந்து பாத்தா ஆளு இல்லீங்க."

பேர் ராமாத்தாள், காங்கயம் பக்கம், சொந்தக்காரர்களோடு வேனில் வந்திருக்கிறார்கள், மற்றவர்கள் அருவிக்குப் போய்விட்டார்கள் என்பதையெல்லாம் அம்சவேணி நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பெரியவரின் பேரைக் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. ராமாத்தாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"பழனி மலைல இருக்கற சாமி பேருங்க."

"பழனிச்சாமிங்களா?" என்று என் ஜன்னலிலிருந்து நான் கேட்டேன். இல்லையாம். தண்டபாணி? இல்லை. வேலுச்சாமி? முருகேசன்? அதற்குள் டிக்கெட் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறுமுகம் என்றார் ஒருவர், செந்தில் என்றார் இன்னொருவர். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷனைக் காணவில்லை, இங்கே விடுகதை நடந்துகொண்டிருக்கிறது. கடைசியில் யாரோ குமாரசாமி என்றதும் அந்த அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு தலையாட்டினார்.

அம்சவேணி மைக்கை எடுத்தாள். "காங்கயத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர் குமாரசாமி அவர்கள், எங்கிருந்தாலும் உடனே டிக்கெட் கவுன்டருக்கு வரவும்." மூன்று முறை சொன்னாள். ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் ராமாத்தாள் மெதுவாகச் சொன்னார்.

"பேரைக் கூப்புட்டா வரமாட்டாருங்க கண்ணு. ரெண்டு வருசமா மறதிங்க. அந்தப் பேரைச் சொன்னா, அது ஆருன்னு நம்மளையே கேப்பாருங்க."

இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

அடுத்து அடையாளம் கேட்டாள். வெள்ளை வேட்டி, பழுப்பு ஸ்வெட்டர், பழுப்புக் குரங்குக் குல்லா. ஸ்வெட்டரும் குல்லாவும் காலையில் ஊட்டி ரோட்டோரத்தில் வாங்கியவை. அம்சவேணி அதையும் அறிவித்தாள். கீழ்நாட்டிலிருந்து ஏறி வருகிற பெரியவர்கள் எல்லோரும் அதே ரோட்டோரத்தில் அதே ஸ்வெட்டரையும் அதே குல்லாவையும்தான் வாங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? வேறு வழியில்லை. கால் மணி நேரத்துக்குள் காவலாளி லூயிஸ் இரண்டு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். மூன்றாவதாக ஒருவரை அவருடைய பேரனே சந்தேகத்தோடு கொண்டு வந்து நிறுத்தினான். "நான் எங்கீங்க காணாமப் போனேன்? சம்பந்தி ஊட்டோட படகுக்கு நின்னுட்டிருக்கேன்!" என்று அவர் சத்தம் போட்டார். ராமாத்தாள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு, இவர் இல்லீங்க, இவர் இல்லீங்க என்றார்.

அதற்குள் பனி இறங்கிவிட்டது. முதலில் அக்கரை போயிற்று. பிறகு நடு ஏரி. அப்புறம் படகுத்துறையின் முனையே மறைந்து, தண்ணீர் எங்கே முடிந்து வெண்மை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. படகுகளை எல்லாம் கரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றதும், இத்தனை கூட்டம் இருக்கிற இடம் ஏதோ தூக்கத்தில் பார்க்கிற இடம் போல ஆகிவிட்டது. மனிதர்கள் பாதி உருவமாக வந்தார்கள், பாதியாகவே கரைந்தார்கள். ஒரு பக்கம் ஆழமான தண்ணீர். மறு பக்கம் சாயங்காலமானால் காட்டெருமை இறங்குகிற காடு. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். தன் பேரே தெரியாத ஒருவர், அன்று காலையில் வாங்கிய ஸ்வெட்டரோடு அந்த வெண்மைக்குள் எங்கோ நடந்துகொண்டிருந்தார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அம்சவேணி பென்சிலை எடுத்துப் பழக்கதோஷத்தில் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பெரியவர், வெள்ளை வேட்டி, பழுப்பு ஸ்வெட்டர், குல்லா எல்லாவற்றுக்கும் நெளிகோடு. குமாரசாமிக்கு நேர்கோடு போட்டு, பிறகு அதையும் அடித்திருந்தாள். காகிதத்தில் அவரைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே மிச்சமில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"அம்மா, ஊட்டுல நீங்க அவரை எப்படிக் கூப்புடுவீங்க?"

"எப்படிங்க கூப்புடறது? ஏனுங்கன்னுதானுங்க."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இதை மைக்குல சொல்லிப் பாரு. கோயம்புத்தூர் ஜில்லாவே திரும்பும்" என்றேன்.

"திரும்பறவங்க திரும்பட்டுங்க. வர வேண்டியவர் ஒருத்தர்தானே?"

மைக்கை வெளியாள் கையில் தரக் கூடாது என்பது விதி. அவள் எழுந்து, ராமாத்தாளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கை அவர் வாய்க்கு நேராகத் திருப்பினாள். "யாரும் இல்லைன்னு நெனச்சுக்கோங்க. அவர் உங்க தோட்டங்காட்டுல இருக்கறாரு. நீங்க ஊட்டு வாசல்ல நிக்கறீங்க. கூப்புடுங்க."

அந்த அம்மா மைக்குப் பக்கம் குனிந்தார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் ஏரி முழுக்கக் கேட்டது. பிறகு கூப்பிட்டார்.

"ஏனுங்க..."

நான் சொன்னது பலித்தது. வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். டீக்கடையில் கப்போடு நின்றவர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் மனைவியை வைத்துக்கொண்டே திரும்பினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் திரும்பினேன்.

"ஏனுங்க... இருட்டுக் கட்டுதுங்க. கட்டுத்தரைல மாடெல்லாம் கத்துதுங்க. சோறு வெச்சுட்டேன். வாங்க."

அப்புறம் யாரும் அசையவில்லை. காங்கயத்துத் தோட்டத்து வீட்டு வாசலில் ஐம்பது வருடமாக ஒலித்த குரல், அந்த மூடுபனியில் எங்கள் எல்லோர் மேலும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ராமாத்தாள் நிறுத்தவில்லை. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்தாகிவிட்டது என்றார், கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வாங்க என்றார், வரும்போது வேலிப் படலைச் சாத்திவிட்டு வாங்க என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த மாடுகள் தெரிந்தன, அடுப்புப் புகை தெரிந்தது, எதிரில் இருந்த ஏரிதான் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் பைன் மரங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காலில் செருப்பில்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வேகமாக நடந்து வந்து, ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

ராமாத்தாள் மைக்கை விட்டுவிட்டு ஓடினார். ஆள் கிடைத்துவிட்டார் என்று அறிவிப்பதற்காக அம்சவேணி அதைக் கையில் எடுத்தாள். அதற்குள் பெரியவர் பேசியது எங்கள் ஜன்னல்வரை கேட்டது.

"அம்மிணி, எங்க ஊட்டுக்காரி கூப்புட்டாளுங்க. எந்தப் பக்கம் நிக்கறான்னு பாத்தீங்களா?"

ராமாத்தாளைப் பார்த்துத்தான் கேட்டார். முகத்துக்கு நேராக, ஒரு முழ தூரத்தில் நின்று கேட்டார். அம்சவேணி மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள்.

"பாத்தனுங்க" என்றார் ராமாத்தாள். "வண்டிகிட்டப் போயிட்டாங்க. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க அவளுக்குத் தெரிஞ்சவங்களா?"

"ஆமாங்க. ரொம்ப நாளாத் தெரியுமுங்க."

பெரியவர் தலையாட்டிக்கொண்டு குல்லாவைப் போட்டுக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அவசரப்பட்டார்.

"அப்ப வெரசா நடங்க அம்மிணி. நான் இல்லீன்னா அவ பயந்துக்குவா."

ராமாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.