வெளியில் நின்று பேசிய ஞாயிறுகள்

சம்ரீனோடு ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு ஸ்காட்லாந்தில் இருக்கிற எடின்பரோவைப் பற்றித் தெரியாமல் இருக்க வழியே இல்லை. நானும் அவளும் ஸ்ரீரங்கத்தில் ஒரே ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்து, பஸ் காவிரிப் பாலத்தைத் தொட்டதும் ஆரம்பித்துவிடுவாள்.

"சுஜா, அங்க இந்நேரம் மழை தூறிக்கிட்டு இருக்கும்."

இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு வருஷம் படித்துவிட்டு வந்தவள், ஆயுசையே அங்கே கழித்தவள் மாதிரிப் பேசுகிறாளே என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஆனாலும் கேட்பேன். சென்னையைத் தாண்டாத எனக்கு அவள் தயவில்தான் சீமை தரிசனம்.

அவள் வீடு பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அத்தா சேக் மைதீன் ஷார்ஜாவில் கட்டட வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது பை, பெட்டி விற்கிற கடை வைத்திருக்கிறார். ஷார்ஜா எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் "வெயிலா இருக்கும்" என்பார். அத்தோடு சரி. அம்மா ஆரிஃபா நேர் எதிர். அவரிடம் ஒன்று கேட்டால் ஒன்பது பதில் வரும்.

படிக்கப் போன இடத்தில் சம்ரீனுக்குக் கிடைத்த அறை தரைக்குக் கீழே இருந்தது. சன்னல் உண்டு, திறந்தால் சுவர். மூலையில் கறுப்பாகப் பூஞ்சை, தலையணை வரைக்கும் ஈர வாடை. கூட இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலெல்லாம் தூங்குவாள். வீட்டிலோ இவள், "நல்ல ரூம், வெளிச்சமா இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மை தெரிந்தால் அத்தா கடையை விற்றாவது வேறு அறை பார்க்கச் சொல்வார், இல்லையென்றால் "கிளம்பி வந்துடும்மா" என்பார். இரண்டில் எது நடந்தாலும் படிப்பு அவளுக்கு நெஞ்சில் ஒட்டாது. அதனால் அந்த அறை மட்டும் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு அத்தா வீடியோ காலில் வருவார். அதற்குள் எங்காவது வெளியில் போய் நின்றுகொள்ள வேண்டும். சுற்றிப் பார்க்கிற ஆசையில் புறப்பட்டவள் இல்லை அவள்.

முதல் ஞாயிறு, பாறை மேல் இருக்கிற கோட்டையைக் காட்டினாளாம்.

"ஏம்மா, பாறை மேல கோட்டை. இதைப் பார்க்கவா அம்புட்டு தூரம் போனே? நம்ம மொட்டை மாடியில நின்னா மலைக்கோட்டை தெரியுதே" என்றாராம் அத்தா.

பின்னாலிருந்து அம்மாவின் குரல். "சாப்பிட்டாளான்னு கேளுங்க."

"அடுத்த வாரம் வேற ஏதாச்சும் காட்டு" என்று சொல்லி அத்தா போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் விடவில்லை. வாராவாரம் புதிதாக ஓர் இடம் கேட்பார். போன வாரத்து இடத்தையே காட்டினால், "இது பார்த்ததுதானே" என்று முகத்தைச் சுளிப்பார். இவளும் சளைக்காமல் அலைந்தாள். காசில்லாமல் உள்ளே விடுகிற மியூசியம், சாம்பல் நிறத்தில் ஒரு கடல், மூச்சு வாங்க ஏறிய குன்று என்று ஒன்றையும் விடவில்லை. பஸ் பிடித்துக் கிளாஸ்கோ போய், கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஹீட்டர் போட்டு வளர்க்கிற வாழைமரத்தைக் காட்டியபோது அத்தா விழுந்து விழுந்து சிரித்தாராம். நம் ஊரில் வாய்க்கால் ஓரத்தில் தன்பாட்டுக்கு நிற்கிற மரத்துக்கு அங்கே அவ்வளவு ராஜ உபசாரம்.

சிரித்து முடித்துவிட்டு, "உன் ரூமும் இப்படிச் சூடா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இதைவிட நல்லா இருக்கும்த்தா" என்றாள்.

ஒரு ஞாயிறு புயல் மழை. யாரும் வெளியே வராதீர்கள் என்று போனில் அறிவிப்பு. போன் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என யோசித்தாள். அவர் பயந்துவிடுவார் என்று தோன்றவே தெருமுனை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். குடை காற்றில் மடங்கிப் போயிற்று.

"இன்னைக்கு என்ன இடம்?"

"பஸ் ஸ்டாப்புத்தா. இங்க பஸ் ஸ்டாப்பே அழகா இருக்கும்."

அத்தா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. பக்கத்துல சூடா டீ கிடைச்சா குடிச்சிட்டுப் போம்மா. கடைக்கு ஆள் வந்திருக்காங்க" என்று வைத்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது சம்ரீனுக்குக் கண் கலங்கும். "ரூம்ல மூச்சு முட்டும் சுஜா. ஞாயித்துக்கிழமை வந்துட்டா அந்த ஊரே எனக்குத்தான்னு இருக்கும். அந்த நாளெல்லாம் மறுபடி வேணும் எனக்கு" என்பாள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. பொய்யை மறைக்கப் புறப்பட்டவளுக்கு ஊர் பிடித்துப் போய்விட்டது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அந்த ரூம் விஷயம் வீட்டுல தெரியுமா?"

அன்றைக்குத்தான் சொன்னாள். ஊர் திரும்பிய முதல் ஞாயிறு அத்தா அவளை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்து, இதே காவிரிப் பாலத்தில் காற்று வாங்க நிறுத்தினாராம். மனசு உறுத்த, இவளே ஆரம்பித்திருக்கிறாள்.

"அத்தா, அங்க என் ரூம் வந்து..."

"தெரியும்மா."

"எப்படித்தா?"

"முதல் வாரம் ரூமைக் காட்டாம வெளியில நின்னப்பவே சந்தேகம். நல்ல ரூம் இருக்கிற புள்ள அந்தப் புயல்ல பஸ் ஸ்டாப்புல வந்து நிக்குமா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவே. புது இடம் காட்டுன்னு சொன்னா, வாரத்துல ஒரு நாளாச்சும் அந்தப் பொந்தை விட்டு வெளியில வருவேல்ல."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாராம்.

"ஷார்ஜாவுல எங்க ரூம்ல காலை நீட்டிப் படுக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஆனா கடற்கரை வரைக்கும் நடந்து வந்துதான் உங்கம்மாவுக்குப் போன் பண்ணுவேன். என்ன சத்தம்னு கேப்பா. அலைன்னு சொல்லுவேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாதே. நான் அங்க கடல் காத்து வாங்கிக்கிட்டு சௌக்கியமா இருந்தேன்னுதான் அவ இன்னைக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்கா."