செந்தட்டி அம்மை

எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையின்போது எனக்கு வந்த அம்மை, செந்தட்டிச் செடியால் வந்தது. காப்பித் தோட்டத்து வேலியோரம் முளைக்கும் அந்த அரிப்புச் செடியைத் துணி சுற்றிப் பறித்து, மார்பிலும் வயிற்றிலும் நானே தேய்த்துக்கொண்டேன். மறுநாள் கணக்குப் பரீட்சை. இந்த உண்மையை ஐம்பத்து மூன்று வயதில்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் ஒரு டாக்டரிடம், பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருக்கும்போது.

திட்டம் பலித்ததில் என் திறமை ஒன்றுமில்லை. அம்மை என்றால் எங்கள் மலைப்பக்கம் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. வந்திருப்பது மாரியாத்தா. அவளிடம் போய் அடையாள அட்டையா கேட்க முடியும்? என் அம்மா சட்டையை விலக்கி ஒரே ஒரு தரம் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வாசலில் வேப்பிலை செருகினாள். டாக்டர் கிடையாது, மாத்திரை கிடையாது, வீட்டில் தாளிப்பு வாசனைகூடக் கிடையாது. இளநீரும் கம்மங்கூழுமாக ஏழு நாள் ராஜ உபசாரம். செந்தட்டித் தடிப்பு அன்று சாயங்காலமே அடங்கிவிட்டது. "ஆத்தா சீக்கிரம் எறங்கிட்டா. எம்பையன் மேல அவளுக்கு நொம்பப் பிரியம்" என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அதே வாரத்தில் அடுத்த வீட்டில் இருந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகனுக்கும் அம்மை வார்த்தது. என் வகுப்புத்தான். அவனுடையது அசல். இரண்டு வீட்டில் எதற்குத் தனித்தனியாகப் பத்தியம் என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்து, அவனைக் கொண்டுவந்து என் பாயிலேயே படுக்க வைத்தார்கள். எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே, புதிதாக வருவதற்கு என்ன இருக்கிறது? நாங்கள் சொந்தமாக ஆடுபுலி ஆட்டக் கட்டம் கிழித்து, வேப்பங்கொட்டையை ஆடாக வைத்து விளையாடினோம். அவன் சொறிந்துகொண்டபோதெல்லாம் மரியாதைக்காக நானும் சொறிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நாற்பது வருடம் அந்தப் பொய்யை ஒரு சான்றிதழ்போல வைத்திருந்தேன். எங்காவது அம்மைப் பேச்சு வந்தால் "எனக்கு வந்து போயிருச்சு" என்பேன். மூக்கு நுனியில் அம்மைத் தழும்பு உள்ள என் மனைவி, கல்யாணமான புதிதில், "உங்களுக்கு ஒரு தழும்புகூட இல்லீங்களே?" என்று கேட்டாள். நல்ல தோல் என்று சொல்லிவைத்தேன்.

இந்த வருடம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மிளகு வாங்கி வர வாழவந்திக்குப் பஸ் ஏறினேன். பாய்த் தோழன் இப்போது அங்கேதான் சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறான். வாசலில் வேப்பிலை தொங்கியது. மருமகளுக்கு அம்மை. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் அவன் வெளியே வந்துவிட்டான்.

"வாப்பா, வாப்பா. வேற ஆளுன்னா வாசல்லயே நிறுத்திப்போடுவேன். நீ என்கூட ஒரே பாயில படுத்தவனாச்சே, உனக்கென்ன! உள்ள வந்து கூழு குடி."

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உள்ளே போக வேண்டும். போனேன். கூடத்தில் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்த மருமகள், "ஏனுங் மாமா, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று விசாரித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு சொம்புக் கூழை மூச்சுவிடாமல் குடித்து முடிப்பது எவ்வளவு சிரமம் என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி முகம் மலர்ந்து நிற்கிறாள். பெங்களூரிலிருந்து மகள் பேசியிருக்கிறாள். அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"அவ இருக்கற அடுக்குமாடில நாலு ஊட்டுல அம்மையாமுங்க. டாக்டரம்மா இவளுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்களாம். அம்மைக்கு எதிர்ப்பே இல்லையாம். மாசமா இருக்கறப்ப வந்தா இவளுக்கும் ஆகாது, வகுத்துப் புள்ளைக்கும் ஆகாதாம். தடுப்பூசியும் இப்பப் போடக் கூடாதாம். அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் எப்பவோ வந்து போயிருச்சு, நம்மூடுதான் கண்ணு பத்திரம், கெளம்பி வான்னு சொல்லிப்போட்டேன். ஞாயித்துக்கெழம வர்றா."

கையில் மிளகுப் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை, "ஒரு மூணு வாரம் சேலத்துல போய்த் தங்கலாம்னு பார்க்கறேன்" என்றேன்.

"எதுக்குங்க?"

"புத்தகம் எழுத."

"இங்க உக்காந்து எழுதாத புத்தகத்தையா?"

வாழவந்தியில் அம்மை வீட்டுக்குள் போய் வந்ததைச் சொன்னேன். "அதுக்கென்னங்க, உங்களுக்கு வந்ததுதானே?" என்றாள். எதற்கும் டாக்டரைக் கேட்டுவிடலாம் என்று நான் இழுக்க, மகள் விஷயமாயிற்றே என்று அவளும் கூடவே கிளம்பிவிட்டாள்.

கடைவீதியில் இருக்கும் டாக்டர் இளம் பெண். "உங்களுக்கு நிச்சயமா வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா?"

சொன்னேன். செந்தட்டி, கணக்குப் பரீட்சை, பாய், ஆடுபுலி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. என் மனைவி சுவரிலிருந்த தினசரிக் காலண்டரை மிக நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நிதானம் எனக்குப் பழக்கமானது.

"ஐஜிஜின்னு ஒரு ஆன்டிபாடி இருக்குங்க" என்றார் டாக்டர், ஒருவழியாக. "ஒரு தடவை அம்மை வந்து போனா அது ரத்தத்துல தங்கிரும். நேத்துத் தொத்தியிருந்தா அதுக்கு இவ்வளவு சீக்கிரம் ஆன்டிபாடி வராது. அதனால இப்ப இருந்துச்சுன்னா அது பழசுதான், பயமில்லை. இல்லைன்னா, எட்டாம் நாள்ல இருந்து இருபத்தோராம் நாள் வரைக்கும் நீங்க மக பக்கத்துலயே போகக் கூடாது."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "ஏரிக்கரை லாட்ஜ்ல ரூமுக்குச் சொல்லி வெச்சர்றேன். வாசல்ல வேப்பிலை கட்டச் சொல்லட்டுங்களா, உங்க அம்மா கட்டுன மாதிரி?"

இங்கே ரத்தம் மட்டும்தான் எடுப்பார்கள், சோதிப்பது சேலத்தில். லேப் ஆள் குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மத்தியான பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். நான் போனால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுப்பவன். என் ரத்தம் மட்டும் இருபது வளைவையும் முன் சீட்டில் சொகுசாகத் தாண்டி அடிவாரம் இறங்கியது.

அன்று மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'அப்பா, தினமும் சாயந்திரம் ஏரிக்கரைல நடக்கணும். நீங்கதான் துணைக்கு.' பதில் எழுத உட்கார்ந்து, எழுதி எழுதி அழித்தேன். எழுதுவதுதான் என் தொழில். 'சரி கண்ணு' என்று இரண்டு வார்த்தை போட முடியவில்லை. போய்ப் பையில் துணி அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் போன் செய்தார்.

"இருக்குதுங்க. நல்லாவே இருக்குது."

"எப்படிங்க இருக்க முடியும்? அது செந்தட்டிங்க."

"செந்தட்டிக்கு ஆன்டிபாடி வராதுங்க" என்றார் அவர் பொறுமையாக. "ஒரே பாயில படுத்தாரே உங்க சிநேகிதர், அவர்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு மேலுக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா? சிலருக்கு நாலு கொப்புளத்தோட போயிரும்."

ஆயிற்று. முதுகில் நாலைந்து கொப்புளம், லேசான காய்ச்சல். ஆத்தாதான் வந்து, உபசாரம் பெற்று, மலையிறங்கிப் போய்விட்டாளே! அதனால் அம்மா அதைச் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி, சீரகத் தண்ணி கொடுத்துப் பள்ளிக்கு விரட்டினாள். பொய் அம்மைக்கு ஏழு நாள் இளநீர், நிஜ அம்மைக்கு ஒரு டம்ளர் சீரகத் தண்ணி. அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தனியாக அந்தக் கணக்குப் பரீட்சையை வைத்தார்கள். எதற்குத் தப்பித்தேனோ அதை அம்மையோடு உட்கார்ந்து எழுதித் தோற்றேன். மறு மாதம் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மை. கணக்கு வாத்தியாருக்கும் வந்தது. அதற்கும் நானே காரணம் என்று இப்போது தெரிகிறது. அந்த ஒன்றில் மட்டும் வருத்தப்பட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கதையை அவளுக்கு அவள் அம்மாவே சொன்னாள், என்னைவிட நன்றாகவே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், "போதும்மா, உள்ள உதைக்குது" என்றாள். சாயங்காலம் மூவரும் ஏரிக்கரையில் நடந்தோம். லேசான தூறல். நான் தங்கியிருக்க வேண்டிய லாட்ஜைத் தாண்டும்போது, ரிப்போர்ட்டின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மனைவியிடம் காட்டினேன். "பார்த்துக்கோ. நாற்பது வருஷமா நான் சொன்னது நிஜம்."

அவள் அதை வாங்கிப் படித்து, நனையாமல் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணாலம் ஆனதுல இருந்து நீங்க சொன்னதுல ஒண்ணே ஒண்ணு நெசம்னு வந்திருக்குதுங்க. அதுவும் நீங்க பொய்யின்னு நெனச்சுச் சொன்னது."