நார்சிஸ என்று எழுதப் பழகியது

ஜெர்மனியில் மார்க் காசு போய் யூரோ வந்த அடுத்த வசந்தத்தில் ஹனோவருக்கு வெளியே ஒரு பூப்பண்ணையில் வேலை செய்தேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஜெர்மன்காரரின் டொச் மொழி காதால் கேட்டுப் பழகியதுதான். எழுத்தில் ஒரேயொரு சொல் தெரியும்: நார்சிஸ. டாஃபடில் என்பார்களே, அந்த மஞ்சள் பூ. வாளிகளில் பெயர் அட்டை ஒட்ட வேண்டும் என்பதற்காக, அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிப் பழக்கினார்.

"நடுவில ரெண்டு எஸ், ரெண்டு பாம்பு மாதிரி நெளியுது பாரும். அதுதான் அடையாளம்."

பண்ணையிலும் நாங்கள் ஒன்றாகவே இருந்தோம். மனைவி ஊரிலிருந்து வந்து சேரும்வரை எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசித்தார்; பண்ணைத் தாள்களை இப்போதும் அவர்தான்.

ஈஸ்டருக்குப் பிறகு இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். நிரந்தர வேலை இருந்தால் விசா நீளும். இரண்டு பேருக்கும் அது வேண்டும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஈஸ்டர் வாளிகளை அடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதலாளியம்மா சந்தைக்குப் போகும் அவசரத்தில் ஒரு தாளை என் கையில் தந்துவிட்டுப் போனார். அண்ணை வாசித்தார்.

"தண்டைச் சரிவா வெட்டட்டாம். பாதி வாளி தண்ணி. மத்தியானத்துக்குள்ள முடிக்கட்டாம்."

"அவ்வளவுதானே அண்ணை?"

"பின்னை என்ன, தேவாரமே எழுதியிருக்கு?"

சிரித்தேன். தாளின் அடியில் நான் எழுதிப் பழகிய சொல்லின் இரண்டு பாம்புகள் நெளிந்தன. கீழே இரட்டைக் கோடு. அவர் வாசித்ததில் நார்சிஸ வரவில்லை. வாசிக்கத் தெரியாதவன் வாசித்தவரைத் திருத்துவதா என்று கூச்சமாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

கோயில் பூத்தட்டுப் போல எல்லா நிறமும் கலந்திருந்தால் அழகு என்று நினைத்து, சிவப்புத் துலிப்புகளுக்கு நடுவே மஞ்சளைச் செருகினேன். அண்ணை இரண்டு தரம் பக்கத்தால் போனார்.

"வடிவா இருக்கு," என்றார்.

மறுநாள் காலை துலிப்புகள் எல்லாம் கழுத்து மடிந்து தொங்கின. மஞ்சள் பூ மட்டும் நிமிர்ந்து நின்றது. முதலாளியம்மா சத்தம் போடவில்லை. "எழுதித்தானே தந்தேன்?" என்று மட்டும் கேட்டார். ஈஸ்டர் முடிய அண்ணைக்கு வேலை நிரந்தரமானது.

சட்டையைத் தோய்க்க எடுத்த மனைவி தாளைக் கண்டாள். டொச் வகுப்புக்குப் போனவள் அவள்.

"நார்சிஸவை ஒரு நாள் தனி வாளியில விடட்டாம். வெட்டின தண்டால வழியிற பால் மற்றப் பூவைக் கெடுத்துப்போடுமாம். உங்களுக்கு ஆர் இதை வாசிச்சது?"

தாளை வாங்கித் திரும்ப மடித்தேன்.

வேலைச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, தாளை அண்ணையிடம் நீட்டி அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

"நீர் இதை அண்டைக்கே கண்டனீர், என்ன?"

"ஓம்."

"பிறகேன் கேக்கேல்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

சொல்லியிருப்பார்தான். முகாமில் உப்புக் கேட்கவே பக்கத்து அறைக்குப் போகாதவன் நான். அதை அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கேட்க மாட்டேன் என்று தெரிந்துதான் அந்த வரியை விட்டு வாசித்தார்.

வாசலில் மஞ்சள் பூ வாளிகள் வரிசையாக நின்றன. பெயர் அட்டைகள் இன்னும் என் கையெழுத்தில்தான் இருந்தன.