ரோகிணிக்கும் திருவாதிரைக்கும் ஒரு சாண்

நான் பிறந்த நட்சத்திரம் திருவாதிரை. அதற்காகவே என்னை வேண்டாம் என்ற மாப்பிள்ளை வீட்டார் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்த நட்சத்திரத்தைத் தலை தூக்கிப் பார்த்ததில்லை. நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்கு எடை போடுவது என் வேலை. லாரி வராத நேரத்தில் கைபேசியில் வானத்தைப் பற்றிப் படிப்பேன். நட்சத்திரத்துக்கு அதன் எடைதான் ஜாதகம் என்று படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. எடை குறைந்தது சிக்கனமாக எரிந்து நெடுங்காலம் கிடக்கும். கனமானது தன்னைச் சீக்கிரமே எரித்துத் தீர்த்துவிட்டு வெடிக்கும். ராகு, கேது, பரிகாரம் ஒன்றும் கிடையாது. எடை மட்டும்தான்.

காரைக்காலில் இருந்து ஒரு வரன் வந்தது. அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இரண்டு முறை பேசினோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் நட்சத்திரம் ரோகிணி. இரண்டும் கழுத்து ரஜ்ஜு, சேரக் கூடாது என்று அவருடைய அம்மா மறுத்துவிட்டார்.

அப்பாவும் தரகரும் கூடிப் பேசி, நான் பிறந்த நேரத்தை அரை மணி தள்ளி வைத்தார்கள். எங்கள் பக்கம் இது பெரிய குற்றமில்லை. ஜாதகம் சேரவில்லை என்றால் நேரத்தைச் சேர்த்துவிடுவார்கள்.

தை மாதம், விளக்கு வைத்த பிறகு, தரகர் கூப்பிட்டு, மாப்பிள்ளையின் அம்மா நெரவியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தரகர் ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரி கடிகாரம் மெதுவா ஓடியிருக்கும்மா. அரை மணி கூட்டிப் பாத்தா புனர்பூசம். பொருத்தம் அம்சமா இருக்கு."

"கடிகாரமெல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. நான் திருவாதிரைதாங்க" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா? உள்ள போயி காப்பி போடு" என்றார் அப்பா.

"குடிச்சு முடிச்சாச்சு. டம்ளரு உங்க கையிலதான் இருக்கு."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் விடவில்லை. "என்னைக் கட்டுனா உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதுங்க."

"எம் புள்ளைக்கு என்னம்மா? ரெண்டும் கழுத்து ரஜ்ஜுன்னா போறது பொண்ணோட உசிரு. உனக்காகத்தான் வேணாங்கறேன்."

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போனது. என்னைப் பெற்றவருக்கே அந்த யோசனை வரவில்லையே.

"அந்த நட்சத்திரத்தைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"பேருதாம்மா தெரியும்."

"மாடிக்கு வாங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டே ஏறினார். கிழக்கே கடல் பக்கம் வானம் சுத்தமாக இருந்தது. வரிசையாக நின்ற மூன்று நட்சத்திரங்களை முதலில் காட்டி, அவற்றுக்கு இடது பக்கம் தனியாக இருந்த சிவப்பைக் காட்டினேன். "அதான் திருவாதிரை." கையை நீட்டி ஒரு சாண் மேலே அளந்து, இன்னொரு செம்மஞ்சள் புள்ளியைக் காட்டினேன். "இது ரோகிணி. உங்க புள்ளை."

"பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு?"

"நமக்கு அப்படித் தெரியுது. இப்ப நாம பாக்குற ரோகிணி வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க பொறந்த சமயமா இருக்கும். திருவாதிரை வெளிச்சம் பிரெஞ்சுக்காரன் இந்தக் கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே கிளம்பினது. அது அவ்வளவு தூரத்துல இருக்கு."

நான் பேசிக்கொண்டே போனேன். சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால் பூமியையும் தாண்டி வீங்கி நிற்கும். உள்ளே எரிந்து எரிந்து கடைசியில் இரும்பு சேரும். இரும்பை எரித்து ஒரு பயனும் இல்லை. தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல், கண் மூடித் திறப்பதற்குள் நடுப்பகுதி தனக்குள்ளேயே இடிந்து விழும். மேலே இருப்பது வெடித்துச் சிதறும். நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் அப்படிச் செத்த ஏதேதோ நட்சத்திரங்களில் வெந்ததுதான். இன்னும் கனமாக இருந்தால் கருந்துளை. போன வெளிச்சம் திரும்பாது. அதன் ஓரத்தில் ஒரு கடிகாரத்தை வைத்து இங்கிருந்து பார்த்தால், அது ஊர்ந்து ஊர்ந்து நின்றே போவதுபோல் இருக்கும். கடிகாரத்தின் மேல் தப்பே இல்லை. அங்கே காலமே அப்படி.

"இப்ப அது உசிரோட இருக்கா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. நேத்தே வெடிச்சிருந்தாலும் நம்ம பேரப்புள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. இப்பங்கறதே இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நானும்தான். எத்தனை முறை படித்திருந்தாலும், வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அரை மணியை நகர்த்திவிட்டு அந்த நட்சத்திரத்தையே ஏமாற்றலாம் என்று கீழே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்குப் பயமா இல்லியாம்மா?"

"இதைப் பாத்தா பயமாத்தான் இருக்கு. ரஜ்ஜுவுக்கு இல்ல."

சுவரை விட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "என் பயம் போகலை. ஆனா நீ பொய் சொல்லலை. கீழ போயி ஜாதகத்துல திருவாதிரைன்னே எழுதி, நாள் பாக்கச் சொல்லுறேன்."

கல்யாணம் நடந்தது. மார்கழி, தை வந்துவிட்டால் என் மாமியார் முட்டி வலியோடு மாடி ஏறுகிறார். இறங்கி வந்து, சாமி கும்பிட்ட முகத்தோடு, "இன்னும் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்.